தகரப் படத்தில் எழுதாமல் விட்ட இடம்

சொன்ன பேச்சுக் கேட்காத என் தங்கச்சி மதிக்கு,

உன் படம் வந்துவிட்டது. தபால்காரர் நம் ஃபிரேம் கடைக்கே கொண்டுவந்தார். பார்சலில் உன் பெயர் இருந்ததால் நீட்டத் தயங்கினார். நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். நீ போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. இது இப்போதுதான் டெக்சாஸிலிருந்து வந்து சேருகிறது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்னவாம்?

வேறு யாராவது இதைப் படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். நீ கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டே லத்தீனோ ஓவியம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டாய். மெக்சிகோவிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலிருந்தும் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு வரைகிற படங்கள். உனக்கு எதுக்குடி அந்த ஊர் சமாச்சாரம் என்று நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "மணலூர்பேட்டைல பொறந்துட்டா மணலூர்பேட்டையப் பத்தி மட்டுந்தான் படிக்கணுமா? இன்னாக்கா நீ" என்பாய்.

படித்ததோடு நின்றாயா? வாங்கவும் ஆரம்பித்தாய். தீபாவளிக்குப் புடவை வேண்டாம், படம் வாங்கிக்கொள்கிறேன் என்ற ஒரே பெண்பிள்ளை இந்த ஜில்லாவில் நீயாகத்தான் இருப்பாய். எல்லாம் என்னிடம்தான் ஃபிரேமுக்கு வரும். சாமி படத்துக்கும் செத்தவர்கள் படத்துக்கும் சட்டம் போட்டுப் பழகிய எனக்கு அவற்றைப் பார்த்தால் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒன்றில் மாதா சிலை துணி துவைக்கிற மெஷின் மேல் நிற்கும். போகப் போக நானும் பிரிக்கும்போதே என்ன வந்திருக்கிறது என்று ஆசையாகப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அதை உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் உனக்குத் தலைகால் புரியாது.

உனக்கு உயிர் அந்தத் தகரப் படங்கள்தான். ஆபத்திலிருந்து தப்பியவர்கள், நடந்ததைச் சின்னத் தகரத்தில் வரையச் சொல்லிக் கோயிலில் மாட்டுவது அவர்களுடைய முன்னோர் வழக்கம். இப்போதுள்ளவர்கள் அதையே எடுத்துக்கொண்டு இன்றைய ஆபத்துகளை வரைகிறார்கள். எல்லை ஆற்றில் மூழ்காமல் கரையேறியவன், பிள்ளைகளிடமிருந்து பிரிக்கப்பட்டு நாடு கடத்தப்படாமல் தப்பிய ஒரு தாய். மேலே சாமி, நடுவில் நடந்தது, அடியில் ஒரு பட்டை. பட்டையில் யாருக்கு என்ன நடந்தது, யாருக்கு நன்றி என்று எழுதியிருக்கும். உன் ஆராய்ச்சியே அந்தப் பட்டையைப் பற்றித்தான். வரைகிறவர்கள் கூட்டிக் குறைத்து வரையலாம், பட்டையில் மட்டும் பொய் இருக்கக் கூடாது என்பாய்.

அப்படிச் சொன்ன நீதான், வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்து ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், பிழைத்ததற்கு ஒரு நன்றிப் படம் வரையச் சொல்லி, தகரப் படம் வரைகிற அந்த டெக்சாஸ்காரி லூசியாவுக்கு எழுதினாய். நம் பக்கத்தில் வேண்டிக்கொண்டால் நடந்த பிறகுதானே மொட்டை போடுவோம்? நடக்குமுன்னே யாராவது நன்றி சொல்வார்களா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று கத்தினேன். நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னாய்: "முன்னாடியே நன்றி சொல்லிட்டா, அப்பறம் சாவறதுக்கு வெக்கமா இருக்கும் இல்லக்கா?"

ஆபரேஷனுக்குப் பிறகு நீ கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கண் விழிக்கும்போதெல்லாம் படம் வந்துச்சா, வந்துச்சா என்று கேட்டாய். வந்துக்கினே இருக்குதுடி என்றேன். எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இப்போது மேஜைமேல் இருக்கிறது. சாமி இருக்கவேண்டிய இடத்தில் கல்வராயன் மலை. நீ சொல்லித்தான் இருக்கும், கரியாலூரில் எடுத்த போட்டோவையும் அனுப்பியிருப்பாய். நடுவில் ஆஸ்பத்திரிக் கட்டில். நீ அதைவிட்டு இறங்கி, முடியெல்லாம் வளர்ந்து, நேராக நிற்கிறாய். பக்கத்தில் நான், கையில் தூக்குச் சட்டி. என்னைக் குண்டாக வரைந்திருக்கிறாள், அதற்கு அவளிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். அடியில் பட்டையை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறாள். அது உங்கள் மொழியில் உங்கள் கையால் எழுதவேண்டியது என்று சீட்டு வைத்திருந்தாள்.

உன் செய்தியை உன் போனிலிருந்தே அவளுக்குத் தெரிவித்தேன். அவள் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவளும் அழுதிருக்கிறாள். படத்தைத் திருப்பி அனுப்புங்கள், நிற்கிற உருவத்தை எடுத்துவிட்டுக் கட்டிலைக் காலியாக வரைந்து தருகிறேன், இல்லாத நன்றியை மாட்டி வைப்பது எங்களுக்குத் தப்பு என்று எழுதியிருந்தாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

உன் மாமாவும் அதையே சொன்னார். "அனுப்பிடலாம்மா. இத்தப் பாத்துப் பாத்து நீ ஒடம்பக் கெடுத்துக்குவ." எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஒரு தபா தூக்கிக் குடுத்தது பத்தாதா? இன்னொரு தபா அவளத் தொடச்சி எடுக்கணுமா?" என்றேன். பாவம், அவர் என்ன செய்வார்?

இந்த ஊரில் யார் செத்தாலும் படத்துக்கு அடியில் தோற்றம், மறைவு எழுதுவது நான்தான். நேற்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அதே தூரிகையை எடுத்து உட்கார்ந்தேன். பிழைத்துவிட்டாள் என்று எழுதிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. கடைக்கு வருகிற எவருக்குத் தெரியப்போகிறது? ஆனால் உனக்குத் தெரியுமே. நீ இருந்தால் அந்தத் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பாய்.

அதனால் இப்படி எழுதினேன்:

"என் தங்கச்சி வளர்மதி பிழைத்து எழுந்து நிற்கவேண்டும் என்று கேட்டோம். நடக்கவில்லை. அதனால் நன்றி இல்லை. அவள் இப்படித்தான் நிற்பாள். பக்கத்தில் நான்."

உன் மாமா படித்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மற்ற படங்களையெல்லாம் உன் கல்லூரியில் கேட்கிறார்கள், பிள்ளைகள் பார்த்துப் படிக்க ஓர் அறை ஒதுக்குகிறார்களாம். கண்ணாடி துடைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். இது மட்டும் போகாது. லூசியாவுக்கும் கிடையாது, கல்லூரிக்கும் கிடையாது. நான் இருக்கிறவரைக்கும் உன்னைத் திரும்பப் படுக்கவைக்க ஒருத்தரையும் விடமாட்டேன் மதி. நீ நின்னுக்கினே இரு.

உன் கூடப்பிறந்தவள்,
தூக்குச் சட்டியோடு நிற்கிற அக்கா