‘ஆம்’ என்று அமுக்குங்கள்

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? பாப்பா குப்புற விழ ஆரம்பித்துவிட்டாளாமே, என் பிள்ளை போனில் சொன்னான். கட்டிலில் தனியாக விட்டுவிட்டு நகராதே.

ஒரு சந்தேகம். போனில் கேட்டால் நீ சொல்வதற்கெல்லாம் ‘உம்’ கொட்டுவேன், போனை வைத்த கையோடு மறந்துவிடும். அதனால் எழுதியே அனுப்பு, பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிறேன். நீ கொடுத்த பாட்டு பிளேயரைக் கம்ப்யூட்டரில் செருகினால் சார்ஜ் ஏறுகிறது. ஆனால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. என் உடற்பயிற்சி வகுப்புப் பெண்களுக்குப் பழைய பாட்டெல்லாம் சலித்துவிட்டது. கையைத் தூக்கச் சொன்னால் கொட்டாவியை மறைக்கத் தூக்குகிறார்கள். புதுப் பாட்டு ஏற்றாவிட்டால் வகுப்பு படுத்துவிடும்.

பாப்பாவுக்கு முத்தங்கள்.

அன்புடன்,
அத்தை


மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். முதுகு பரவாயில்லை. பாப்பா உங்களைத் தேடுகிறாள். வாசலில் யார் குரல் கேட்டாலும் திரும்பிப் பார்க்கிறாள்.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் உண்டு, பாட்டு அதில் போகாது. யாரிடமாவது வேறு கேபிள் வாங்கி, கம்ப்யூட்டரின் முன்பக்கம் செருகாமல் பின்பக்கம் செருகுங்கள். அப்படியும் வராவிட்டால் பிளேயரின் பொத்தானை, திரை கறுத்து அணையும்வரை விடாமல் அமுக்கிப் பிடித்து, மறுபடி போடுங்கள். அவசரமே இல்லை. எதுவும் கெட்டுப்போகாது.

என்றும் அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 14

அன்புள்ள மருமகளுக்கு,

நீ கெட்டிக்காரி. கேபிள்தான் கோளாறு. வகுப்புக்கு வரும் தையற்காரி தன் மகனுடையதைக் கொடுத்தாள். மேஜைக்கு அடியில் புகுந்து பின்பக்கம் செருகினேன். எழுந்திருக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் இப்போது பிளேயரைக் காட்டுகிறது. ஆனால் திறக்கப் போனால், “ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?” என்று கேட்கிறது. பயந்துபோய் ‘இல்லை’ அமுக்கிவிட்டேன். என்ன செய்ய?

பாட்டு போனால் போகட்டும். உள்ளே பாப்பாவின் சிரிப்பு இருக்கிறது. நான் அங்கே இருந்தபோது, அவள் முதன்முதலில் சத்தமாகச் சிரித்தாளே, அன்றைக்கு அது பதிவாகட்டும் என்று பிளேயரில் ரெக்கார்ட் பொத்தானை அமுக்கிச் சமையலறை அலமாரியில் வைத்தேன். நீ அங்கேயே உன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். அதனால் உன்னிடம் சொல்லவில்லை. நிறுத்த மறந்து பாப்பாவோடு வாசலுக்குப் போய்விட்டேன், அது பாட்டுக்கு வெகுநேரம் ஓடியிருக்கிறது. இந்தப் பிளேயரில் அதைத் தேடி எடுத்துக் கேட்க எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் தினமும் கேட்பேன்.

அன்புடன்,
அத்தை


மார்ச் 18

அன்புள்ள அத்தைக்கு,

பயப்படாமல் ‘ஆம்’ என்று அமுக்குங்கள். எல்லா பிளேயரும் அப்படிக் கேட்கும். உள்ளே இருப்பது எங்கும் போகாது.

பாப்பாவுக்குச் சளி, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மருமகள்


மார்ச் 22

அன்புள்ள மருமகளுக்கு,

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பிளேயர் காலியாகிவிட்டது. பாட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. நீ சரியாகத்தான் எழுதியிருப்பாய், நான்தான் எதையோ மாற்றி அமுக்கியிருக்கிறேன். குழந்தையின் முதல் சிரிப்பை என் கையாலேயே அழித்துவிட்டேன். வகுப்பில் எண்ணிக்கை தப்பித் தப்பிப் போகிறது. பெண்கள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அவனிடம் சொல்லிவிடாதே. வெட்கமாக இருக்கிறது.

அழிந்ததை மீட்டுத் தரும் கடை ஒன்று உண்டு என்று தையற்காரி சொல்கிறாள். கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். பாப்பாவின் சளி எப்படி இருக்கிறது?

அத்தை


மார்ச் 30

அத்தைக்கு,

கடையிலிருந்து பதிவு வந்து, நீங்கள் கேட்பதற்கு முன்னால் இது கையில் கிடைக்க வேண்டும்.

நீங்கள் எதையும் மாற்றி அமுக்கவில்லை. ஃபார்மட் செய்தால் எல்லாம் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு அதைச் சொல்லி எச்சரிப்பவளே நான்தான். போகட்டும் என்றுதான் அப்படி எழுதினேன்.

அன்று அக்காவிடம் நான் பேசியது அதில் இருக்கும். “இந்தம்மா எப்பதான் கிளம்புவாங்களோ. தைலத்தைப் பூசிக்கிட்டே குழந்தையைத் தூக்குறாங்க, அந்த வாடையே எனக்குக் குமட்டுது” என்று சொன்னேன். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று காலை அதே தைலத்தை என் முதுகில் தேய்த்துவிட்டது நீங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகும் சும்மா இருந்தேன். உங்கள் பேரில் பழி இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. இப்போதுகூட, மாட்டிக்கொள்வேன் என்றதும்தானே வாய் திறக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன் அத்தை. இவர் விடுமுறையில் மூவருமாக வருகிறோம்.

மருமகள்


ஏப்ரல் 5

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே கடையில் பதிவும் கிடைத்தது. முழுதும் கேட்டேன்.

தைலப் பேச்சு சுருக்கென்றது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தள்ளிவிடலாம். என் மாமியாரைப் பற்றி நான் பேசியதைப் பதிவு செய்திருந்தால் இந்தப் பிளேயரில் இடம் போதாது.

மற்றது அப்படி இல்லை. அந்தச் சிரிப்பை என்னை வைத்தே அழித்தாய். என்னை நானே திட்டிக்கொண்டு உனக்கு எழுதினேன். அதைப் படித்துவிட்டு, பேசாமல் இருந்தாய். அதை என்னால் இப்போதைக்குத் தள்ள முடியவில்லை.

சிரிப்பு வரும் இடத்தை மட்டும் கடைக்காரப் பெண் தனியாக வெட்டித் தந்தாள். பென்டிரைவில் போட்டு இதோடு அனுப்புகிறேன். நீங்கள் இருவரும் கேளுங்கள், அழகாகச் சிரிக்கிறாள். மீதியை அழித்துவிட்டேன். இந்தத் தடவை தெரிந்தே அமுக்கினேன்.

விடுமுறைக்கு வர வேண்டாம். வந்தால் நீயும் நானும் மாறி மாறி நடிக்க வேண்டியிருக்கும், எனக்கு அந்தத் தெம்பு இல்லை. ஏன் போகவில்லை என்று அவன் உன்னைக் கேட்பான். என் வாயிலிருந்து எதுவும் வராது. நீ சொல்வதாக இருந்தால் உள்ளதைச் சொல்.

மனசு ஆறியதும் நானே எழுதுகிறேன். பாப்பாவின் நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்.

அத்தை