வலது செட்டை இல்லாத கெண்டை

வியாழன்

காலை தூறல். பத்துக்குப் பிறகு கொதிக்கிற வெயில். தராசைத் துடைத்து எண்ணெய் போட்டாயிற்று. சனி, ஞாயிறு குளத்தில் கெண்டைத் தூண்டில் போட்டி. எங்கள் மீன்குஞ்சு பொரிப்பு நிலையத்துத் தராசு இரவல் போகிறது. தராசோடு நானும். நிறுப்பது என் வேலை.

பொறுப்பதிகாரி சிரித்துக்கொண்டு சொன்னார்: "உம்மை விட்டா மீனைப் பற்றித் தெரிஞ்ச ஆள் ஆர்?" (இனிப் பொ.அ. என்றே எழுதுகிறேன்.) ஓம் சேர் என்றேன். வேறென்ன சொல்ல.

ஒருவரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். மூன்று கிழமைக்கு முன், தாய்மீன் தொட்டியின் வெளிவாய் வலையைக் கழற்றிக் கழுவினேன். மழை பிடித்தது. வலையைத் திரும்பப் போடாமல் பிளேன்டீ குடிக்க ஓடினேன். கால் மணித்தியாலம். அதற்குள் தொட்டி வழிந்து, எங்கள் பெரிய தாய்க் கெண்டை வாய்க்காலோடு குளத்துக்குப் போய்விட்டாள். நான் பதிவேட்டில் எழுதியது: இறந்தது, புதைக்கப்பட்டது. பொ.அ. பார்க்காமலே கையெழுத்து வைத்தார்.

ஐந்து வருடமாகத் தற்காலிக ஊழியன். நிரந்தரக் கடிதம் வந்து பொ.அ.வின் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. திங்கள் தருகிறாராம். பொய் பிடிபட்டால் கடிதமும் இல்லை, வேலையும் இல்லை.

அவளுக்குக் குறி இருக்கிறது. வயிற்றில் வலது பக்கச் செட்டையை அடியோடு வெட்டிவிட்டோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கையால்தான் வெட்டினேன். நிலையத்து ஆட்களுக்கு மட்டும் தெரிந்த குறி.

இன்னொன்று. தீன் போடும்போது தகர வாளியைத் தட்டுவேன். எங்கே நின்றாலும் வாயைப் பிளந்துகொண்டு வருவாள். பாழாய்ப்போன பழக்கம். நான்தான் பழக்கினேன்.

வெள்ளி

வெயில். காற்று இல்லை.
எடுக்க: தராசு. ஈரச் சாக்கு 2. பேரேடு. பேனை 2. பனடோல். (பனடோல் என் தலையிடிக்கு.)

மாலினி: "என்னப்பா, ரெண்டு நாளா சோத்தைக் கிளறிக் கிளறி வைக்கிறீங்கள். கறி சரியில்லையோ?"
உப்புக் கூட என்றேன். பாவம், உப்பெல்லாம் சரிதான். உண்மையைச் சொன்னால் உடனே சேரிட்டப் போய்ச் சொல்லுங்கோ என்பாள். அதுதான் சொல்லவில்லை.

விளக்கு வைக்கும்போது கும்பிட்டேன். அம்மாளே, எல்லாருக்கும் மீன் படட்டும். அவள் மட்டும் படக்கூடாது.

சனி

மூட்டம். அன்புவழிபுரத்திலிருந்து முதல் பஸ். தராசு மடியில்.

முப்பது பேரளவில். சீனன்குடாவிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள், மிச்சம் மோட்டார் சைக்கிள். விதி: பிடி, நிறு, உயிரோடு திரும்ப விடு.
"பிடிச்சதைத் திருப்பி விடுறதோ? அப்ப குழம்பு?"
"குழம்புக்குச் சந்தைக்குப் போ."

11 மணி. தேத்தண்ணிக் கடைக்கார அண்ணை கரையில் குந்தியிருந்து தகர வாளியைக் கழுவி, கரண்டியால் தட்டுகிறார். டங், டங், டங். என் உயிர் போய் வந்தது. ஓடிப்போய் வாளியைப் பறித்தேன்.
"என்ன தம்பி, விசரோ உனக்கு?"
"சத்தத்துக்கு மீன் ஓடிடும் அண்ணை."
பொய்க்கு மேல் பொய். பத்து முழத் தூரத்தில் தண்ணீர் ஒரு தரம் சுழித்து அடங்கியது. வாளியைத் திருப்பிக் கொடுக்காமல் அங்கேயே குந்திவிட்டேன்.

தராசுக்கு வந்த ஒவ்வொரு மீனையும் முதலில் புரட்டி வயிற்றைப் பார்த்தேன். "ஆணோ பெண்ணோ எண்டு பாக்கிறீரோ?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரிப்பு. நானும் சிரித்தேன். அடுத்த மீனையும் புரட்டினேன்.

இன்று பெரியது 4.2 கிலோ. அவள் இல்லை. இன்னும் ஒரு நாள்.

ஞாயிறு

வெயில், மெல்லிய காற்று. மதியம் வரை சின்னச் சின்ன மீன்கள். சோறு கொஞ்சம் இறங்கியது.

3.10. முடிய ஐம்பது நிமிடம். சுகந்தி மிஸ், லிங்கநகர், ஆஸ்பத்திரித் தாதி. இரண்டு நாளும் ஒரு குஞ்சுகூடப் படாதவ. இரைக்குப் பாண் உருண்டை போட்டிருந்தா. தடி வளைந்த வளைவைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நூல் அறட்டும், நூல் அறட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். நூல் நல்ல நூல்.

9.6 கிலோ. வலது செட்டை இல்லை.

பேரேட்டில் நிறையை எழுதினேன், செட்டையை எழுதவில்லை. மிஸ் அழுகிறா, சந்தோசத்தில். "மீனை நிறுத்த ஆளும் நில்லுங்கோ, படம் எடுப்பம்!" ஏலாது என்றேன். ஆர் கேட்டது? மீனை என் கையில் தந்துவிட்டார்கள். வெட்டின இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். ஐந்து படம். ஐந்திலும் பொத்தினேன்.

தண்ணீரில் விட்டேன். போகவில்லை. என் முழங்காலடியில் நின்று வாயைத் திறந்து மூடினாள். தீன் கேட்கிறாள். "போ, போ" என்று தள்ளிவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

6.30. படம் போனில் எல்லாருக்கும் போய்விட்டது. பொ.அ.வும் பார்த்துவிட்டார். போனை மூடி வைத்தேன்.

திங்கள்

மழை. 8.15க்குக் கூப்பிட்டார். மேசையில் போன். போனில் படம், பெருப்பித்து.
"வடிவான மீன்."
"ஓம் சேர்."
"எல்லாரும் மீனுக்கு அடியில கை குடுத்துத் தாங்குவினம். நீர் ஏன் செட்டையைப் பொத்திப் பிடிச்சிருக்கிறீர்?"
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஃபான் கிறீச் கிறீச் என்று சுற்றுகிறது.
"அவளோ?"
"ஓம் சேர்."

எல்லாம் சொன்னேன். வலை, மழை, பிளேன்டீ. நடுவில் அழுதும் விட்டேன். அவர் கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. "பாக்காமக் கையெழுத்து வச்ச நானும் ஒரு மடையன்" என்றார். லாச்சியைத் திறந்து கடிதத்தைக் காட்டினார். திரும்ப வைத்துப் பூட்டினார்.

"பதிவேட்டில உள்ளதை உள்ளபடி எழுதுவம். நாளைக்கு விடிய அவளைப் பிடிச்சுத் தாரும். பிறகு இதைப் பற்றிக் கதைப்பம்."
"வராட்டி சேர்?"
லாச்சிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

மாலினியிடம் சொன்னேன். "மூண்டு கிழமையா இதை மனசுக்குள்ள வச்சுக்கொண்டோ என்ர கறியில உப்புக் கூட எண்டு சொன்னீங்கள்?" இரண்டு நாளைக்குக் கதைக்கமாட்டாளாம். சொல்லிவிட்டுத் தகர வாளியை அவளே கழுவி வாசலில் வைத்தாள்.

செவ்வாய்

தூறல். 6 மணிக்குக் குளம். வாளி, தீன், கைவலை, ஈரச் சாக்கு, பெரிய பிளாஸ்ரிக் பீப்பா. பொ.அ. கால்சட்டையை முழங்கால் மட்டும் மடித்துக்கொண்டு பின்னால்.

தட்டினேன். ஒன்றும் இல்லை. தட்டினேன். மூன்று கிழமையாக வராதே, வராதே என்று கும்பிட்டவன், இன்றைக்கு வா தாயே, வா என்று தட்டுகிறேன். நேற்றைக்கு முன்தினம் தூண்டிலில் வாய் கிழிந்தவள். நானும் தள்ளிவிட்டேன். ஏன் வரப்போகிறாள்?

7.00. இல்லை. பொ.அ. மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

7.20. தண்ணீர் சுழித்தது. பெரிய வாய். வலையைக் கீழால் விட்டுத் தூக்கினேன். சரியான பாரம். ஆனால் இந்தக் குளத்தில் பெரிய மீன் அவள் ஒருத்தியா? பார்க்கப் பயம். கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைத் தடவினேன். இடது பக்கம் செட்டை. வலது பக்கம் வெறும் வழுவழுப்பு.

"செட்டை இருக்கோ?" என்றார் பொ.அ. கரையிலிருந்து.
"இல்லை சேர்" என்று கத்தினேன், அழுகையோடு. "செட்டை இல்லை!"