பாப்பாவின் குப்பி

ஜூலை 7, திங்கள்

பாப்பா, விடாத மழை. சயான் ரோட்டில் தண்ணீர், பஸ் இல்லை. நான் சமைக்கிற மாட்டுங்கா வீட்டுக்கு நடந்தே போனேன். ரசம், பீன்ஸ் பொரியல். திரும்பி வந்தால் வாசலில் மைதிலி நனைந்து நிற்கிறாள். லேபில் உன் பக்கத்து மேஜைக்காரி. நீ டெங்குவில் போன பிறகு இப்போதுதான் வருகிறாள்.

டீ கொடுத்தேன். அவள் கண் சாமி ஸ்டாண்டிலேயே. திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நீ தந்த குப்பி, அடியில் கொஞ்சம் மஞ்சள் மணிகள்.

"ஆன்ட்டி, அதுக்காகத்தான் வந்தேன்."

நீ எழுதிய கட்டுரையைப் பார்த்து இந்த மணியை எந்தெந்த ஊரிலோ செய்து பார்க்கிறார்களாம். தங்கள் கட்டுரைக் கடைசியில் உன் பேரைப் போடுகிறார்களாம். ஆனால் உன் லேபிலேயே இப்போது அது மணியாக உறைய மாட்டேன் என்கிறதாம். பிசின் மாதிரி நிற்கிறது. பழைய மணி ஒன்றைப் போட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் உறையுமாம்.

"பாலுக்கு உறை குத்துத மாதிரியா?"

"அதேதான் ஆன்ட்டி. எங்ககிட்ட இருந்ததெல்லாம் தீர்ந்து போயிடுத்து. உங்ககிட்ட இருக்கறதுதான் பாக்கி."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

குழாயடியில் பக்கத்து வீட்டுப் பேச்சியக்காவிடம் சொன்னேன். "ஏட்டி, உம்மவ கையால செஞ்சது அது ஒண்ணுதான கெடக்கு. குடுத்துட்டு வெறுங்குப்பிக்கா சூடங் காட்டுவ?"

நியாயம்தான். உன் துணி, செருப்பு, கடிகாரம், எல்லாம் கடையில் வாங்கியது.

குப்பியைக் கொண்டுவந்த அன்றைக்கு அதை என் உள்ளங்கையில் வைத்தாய். "எம்மா, இதுக்கு முன்ன இது உலகத்துலயே கெடையாது. நான் செஞ்சேன்." நான் கேட்டது, "திங்கலாமாட்டி?" சிரித்தாய். உடனே நான் உனக்கு ஐரோலியில் பார்த்திருந்த மாப்பிள்ளை பேச்சை எடுத்தேன். உன் சிரிப்பு போய்விட்டது. எதற்கு, எப்படி என்று இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

துணி சோப்பு. உளுந்து. குடைக்கம்பி சரி பண்ண வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

கொஞ்சம் வெயில். விளக்கேற்றிவிட்டு மைதிலிக்கு போன். "வந்து எடுத்துக்கோ தாயி. ஒண்ணு போதும்னியே, ஒண்ணே ஒண்ணு எடு."

இங்கே திறக்கக் கூடாதாம். குப்பியோடு கொண்டு போனாள். "பத்திரமா கொண்டு வரேன்."

சாமி ஸ்டாண்டில் அந்த இடம் மட்டும் வட்டமாக, தூசி இல்லாமல்.



ஜூலை 19, சனி

மறுபடி மழை. மைதிலி ஓடி வந்தாள். "ஆன்ட்டி, வந்துடுத்து! பாத்திரம் பூரா மஞ்சள் மஞ்சளா!" குப்பியை என் கையில் வைத்துவிட்டு அழுதாள். நானும். இனி வேறு ஊர்க்காரர்கள் கேட்டாலும் கொடுக்கலாமாம். அடுத்த கட்டுரையிலும் உன் பேர் உண்டாம். சேமியா பாயசம் வைத்துக் கொடுத்தேன்.

அவள் போன பிறகுதான் குப்பியை நன்றாகப் பார்த்தேன். கழுத்து வரை மணிகள். உடனே போன் போட்டேன்.

"நாங்கதான் நெறைச்சுக் குடுத்தோம் ஆன்ட்டி. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கட்டுமேன்னு."

"பழசு எங்க தாயி?"

"அதுலயேதான் இருக்கு. கலந்துட்டோம். எல்லாம் ஒண்ணுதான், ஒரு வித்தியாசமும் கிடையாது."

நல்ல பிள்ளை. திட்ட வாய் வரவில்லை.

தரையில் வெள்ளைத் துணி விரித்து, குப்பியை லைட்டுக்கு நேரே பிடித்து, மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறேன். எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே மினுக்கம்.

பாப்பா, இதில் நீ செய்தது எது?