மில் வாசல் சோதனை

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

குடி வந்தாயிற்று. திருவானைக்கோவிலில் ரெங்கராஜ் ரைஸ் மில் இருந்த கட்டடம் இப்போது லாஃப்ட் அபார்ட்மெண்ட். உயரமான கூரை, இரும்பு உத்தரம், பூசாமல் விட்ட செங்கல் சுவர். பூசாததுதான் அழகாம். நெல் காய்ந்த களத்தில் கார்கள் நிற்கின்றன. என் வீடு, முதலாளியின் ஆபீஸ் ரூம் இருந்த இடம். அதைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

லால்குடிக்கு, அம்மாவுக்குப் போன் செய்தேன். லாஃப்ட் என்றதும், "பரண் மேலயா குடியிருக்கப் போற?" என்றாள். எந்த மில் என்று சொன்னதும் போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 11

மில் முதலாளி ரெங்கராஜ் கீழ்த்தளத்தில் ஒரு வீட்டைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறார். தலை நரைத்துவிட்டது, முதுகு வளைந்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். லால்குடி என்றேன். நல்ல ஊர் என்றார்.

இந்த ஆளுக்கு ஞாபகம் இருக்குமா? அம்மா இந்த மில்லில்தான் வேலை பார்த்தாள். சாயங்காலம் வேலை முடிந்து போகும் பெண்கள் வாசலில் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒருநாள் அம்மா உதறியதை நம்பாமல், லாரிக்காரர்கள் எல்லாம் பார்க்க, திரும்பத் திரும்ப உதறச் சொன்னார். ஒரு நெல்மணி விழவில்லை. கடைசியில் போ என்றுகூடச் சொல்லவில்லை. மாட்டை விரட்டுகிற மாதிரி கையை அசைத்தார். கேட்டுக்கு வெளியே ஸ்கூல் பையோடு நான் நின்றிருந்தேன்.

விடமாட்டேன்.

செப்டம்பர் 15

குடியிருப்போர் சங்கக் கூட்டம். நான் செயலாளர், கேட்டு வாங்கிய பதவி. யார் வீட்டிலோ வெள்ளிக் குத்துவிளக்கு காணோமாம். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் வெளியே போகும்போது பையைச் சோதிக்க வேண்டும் என்றார் ரெங்கராஜ். மனுஷன் மாறவே இல்லை.

சிரித்துக்கொண்டே ஒரு திருத்தம் சொன்னேன். வேலைக்காரர்களை மட்டும் சோதித்தால் வம்பு வரும், வெளியே போகிற எல்லாரையும் சோதிப்போம், வீட்டுக்காரர்கள் உட்பட. எல்லாரும் கை தூக்கினார்கள். அவரும்தான். தூக்கட்டும்.

செப்டம்பர் 17

காலையில் காபியோடு பால்கனியில் நின்றேன். ரெங்கராஜ் ஸ்ரீரங்கம் கோயிலுக்குக் கிளம்பினார். வாட்ச்மேன் கலையரசன் தயங்கினார். மேலே நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "பையைக் காட்டுங்கய்யா" என்றார். துளசி மாலை, துண்டு, கற்பூரம், ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெரியவர் முகம் சுண்டிவிட்டது.

இவ்வளவு ருசியாகக் காபி குடித்து எத்தனை காலம் ஆயிற்று!

செப்டம்பர் 24

தினமும் நடக்கிறது. அவரும் தவறுவதில்லை, நானும் தவறுவதில்லை.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை வரவழைத்துவிட்டேன். முதலாளி மேஜை இருந்த இடத்தில் உட்கார வைத்து, ரெங்கராஜ் தினமும் பையைத் திறந்து காட்டுகிற கதையெல்லாம் சொன்னேன். சந்தோஷமா என்று கேட்டேன். ரசத்துக்குப் புளி எங்கே வைத்திருக்கிறாய் என்றாள்.

அக்டோபர் 13

காலையில் அம்மாவை பஸ் ஏற்றிவிடக் கீழே அழைத்து வந்தேன். இவர் என் அம்மா என்று நான் சொல்வதற்குள் கலையரசன், "பையை மட்டும் காட்டுங்கம்மா" என்றார். அம்மா பையைத் தரையில் வைத்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, மடியை அவிழ்த்து உதறினாள். ஒரு தரம். இன்னொரு தரம். யாராவது போகச் சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்? வேணாம்மா, வேணாம்மான்னு கையைப் புடிச்சேன்.

பின்னால் தன் பையோடு ரெங்கராஜ் நின்றிருந்தார். அம்மாவைப் பார்த்தார். அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

அக்டோபர் 14

கேட்டில் ஒட்டியிருந்த சோதனை நோட்டீஸைக் கிழித்துப் போட்டேன். கூட்டமும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம்.

அக்டோபர் 27

சோதனை நின்றுவிட்டதா என்று கலையரசனிடம் கேட்டேன்.

"வேணாம்னு சொல்லிட்டேங்க. பெரியவர்தான் கேக்க மாட்டேங்குறாரு. தானா பையைத் திறந்து நீட்டிட்டு, நான் போங்கன்னு சொல்ற வரைக்கும் நிக்கிறாரு."

இதைத்தானே நான் கேட்டேன்?

பால்கனிக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.