நான் வரைந்த இரண்டாம் வாசல்

3 மார்ச் 2025, திங்கட்கிழமை
முற்பகல் 10.20 மணி

கடித எண்: 1
(மகளுக்கு இதுவரை எழுதியவை 141. அவை தனி வரிசை. தங்களுக்கு எழுதுவதில் இதுவே முதல்.)

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாயிருக்க வேண்டுகிறேன். உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி தணிந்திருக்கிறது. எனக்கு ஜனவரி 8ஆம் தேதி வலக்கண்ணில் புரை நீக்கினார்கள். இப்போது நேர்கோடு நேர்கோடாகவே தெரிகிறது. பேத்திக்கு ஐந்து வயது முடிந்து இன்றோடு நாற்பது நாள் ஆகிறது. புகைப்படத்தில் முன்பல் ஒன்றைக் காணவில்லை. விழுந்த தேதியை யாரும் எழுதவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடியிருப்பின் முன்புறத்தைப் புதுப்பிக்கச் சங்கத்தார் முடிவு செய்து பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தார்கள். அதன் அடியில் என் கையெழுத்து இருந்தது. நான் கட்டட வரைவாளனாக இருந்தது உங்களுக்குத் தெரியும். குடியிருக்கும் கட்டடத்தை நானே வரைந்தேன் என்பது தெரிந்திராது. 19 ஜூன் 1986, வியாழக்கிழமை ஒப்பமிட்டேன். புதியதையும் நானே போட வேண்டும் என்று சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டார். முன்னாடி பளிங்கு, லிஃப்டுக்குக் கார்டு, வேலைக்காரங்க எப்பவும்போல பின்னாடி, அவ்வளவுதான் சார் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அளவெடுப்பதற்காகப் பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை காலை பின்பக்கப் படிக்கட்டில் ஏறினேன். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அகலம் இரண்டரை அடி. முன்பக்கப் படிக்கட்டில் ஒரு படியின் உயரம் ஆறு அங்குலம், இதில் எட்டு. கைப்பிடி இல்லை, ஜன்னல் இல்லை, விளக்குக்கு நான் இடமே குறிக்கவில்லை. இவ்வளவு இடத்தை மிச்சம் பிடித்ததற்காக அன்று மேலதிகாரி என்னைப் பாராட்டியது நினைவிருக்கிறது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில், மூன்றாம் மாடி வீட்டுக்குச் சமைக்கும் அம்மாள் காய்கறிப் பையோடு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்ன ஐயா, வழி தப்பி வந்துட்டீங்களா என்று கேட்டார். அளக்க வந்தேன் என்றேன். நல்லா அளங்க, இதைப் போட்ட மகராசன் ஒரு நாளாவது ஏறிப் பார்த்திருந்தா என் முட்டி பிழைச்சிருக்கும் என்றார். அந்த மகராசன் நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. அப்படியா, இன்னும் ரெண்டு மாடி பாக்கி இருக்கு, பார்த்து ஏறுங்க, விழுந்தா தூக்கறதுக்கு ரெண்டு பேர் சேர்ந்து நிக்க இங்க இடம் கிடையாது என்றார்.

ஏறினேன். அறுபதாவது படி முடிந்ததும் என் வீட்டுச் சமையலறைக் கதவு வந்தது. வெளிப்பக்கமிருந்து அதை நான் பார்த்ததேயில்லை. நீங்கள் நின்ற இடத்தில் நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

12 நவம்பர் 2016, சனிக்கிழமை, காலை 11.15. பதிவுத் திருமணம் முடிந்து நீங்கள் முதன்முதலாக வருகிறீர்கள். நான்கு நாள் முன்பே வந்துவிட்ட மகள் உங்களை அழைத்து வர ரயில் நிலையம் போயிருந்தாள். கூட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டு, நீங்கள் தனியே வந்தீர்கள். காவலாளி உங்களைப் பின்படிக்கு அனுப்பினார். இதுவரை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிறகு நடந்தது நம் இருவருக்கு மட்டுமே தெரியும்.

கதவைத் திறந்தது நான். மகள் உங்கள் புகைப்படத்தை ஒரு மாதம் முன்பே அனுப்பியிருந்தாள். இருந்தும் உங்கள் நிறத்தைப் பார்த்தேன், தலைமுடியைப் பார்த்தேன்; கையிலிருந்த பயணப் பெட்டியைப் பார்க்கவில்லை. பத்தரைக்கு வரச் சொன்னா பதினொண்ணே காலுக்கா வர்றது, ஹீட்டர் அந்த மூலையில இருக்கு, செருப்பை வெளியிலயே விட்டுட்டு வா என்றேன். நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். பழுதாகியிருந்த வெந்நீர் ஹீட்டரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தீர்கள். இந்த வேலை எனக்குத் தெரியாதுங்க என்றீர்கள். அதன் பிறகே உங்கள் பெயரைச் சொன்னீர்கள்.

மகள் வந்ததும், முட்டாள் காவலாளி மாப்பிள்ளையை வழி மாற்றி அனுப்பிவிட்டான் என்று உரக்கக் கத்தினேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பத்து நாள் தங்குவதாக இருந்தவர் மூன்றாம் நாளே கிளம்பினீர்கள். அவருக்கு லீவு கிடைக்கலப்பா என்று ஒவ்வோர் ஆண்டும் தொலைபேசியில் மகள் சொல்வாள். அவள் அதை நம்பியே சொல்கிறாள் என்பது குரலில் தெரியும். எட்டு ஆண்டு, மூன்று மாதம், பத்தொன்பது நாளாக நீங்கள் என் மானத்தைக் காத்து வருகிறீர்கள். அதற்கு நான் தகுதியுடையவன் அல்லன்.

என் புகாரின் பேரில் அந்தக் காவலாளியை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். பிப்ரவரி 11ஆம் தேதி அவரைத் தேடிப் போனேன். ஊரின் மறுகோடியில் ஒரு கிடங்கு வாசலில் இருக்கிறார். தன் ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றபடியே பேசினார். மன்னிக்கச் சொன்னேன். அதை விடுங்க ஐயா, ஆனா ரெண்டு வாசல் வச்சுட்டா, யாரு எதுலன்னு ஒருத்தன் மூஞ்சியைப் பார்த்துத்தானே சொல்லணும், அதுக்குத்தானே என்னை நிறுத்தினீங்க என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கூட்டம். தலைவர் கேட்டதை நான் வரையவில்லை. ஒரே வாசல், ஒரே அகலமான படிக்கட்டு, சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம், காத்திருப்பவர் யாராயினும் உட்கார மின்விசிறிக்கு அடியில் பெஞ்சு. பின்படி, விளக்கும் கைப்பிடியும் போட்டு, தீ விபத்துக்கு மட்டும். தலைவர் பாதுகாப்பு என்றார். முதல் மாடிப் பல் மருத்துவர், யாரையும் ஒதுக்கறதுக்காக இல்ல சார், ஒரு ஒழுங்குக்குத்தான் என்றார். 1986இல் நானும் அதே சொல்லைத்தான் சொன்னேன். ஆகவே எழுந்து நின்று, சமையலறைக் கதவருகே நான் பேசியதை, 'வா' என்றதையும் சேர்த்து, எதையும் குறைக்காமல் சொன்னேன். உங்கள் அனுமதி பெறவில்லை. அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். அவமானம் என்னுடையது என்பதால் துணிந்தேன்.

ஒரே வாசல் என்பது 13க்கு 11 என்று நிறைவேறியது. லிஃப்டில் யார் ஏறலாம் என்பதை ஜூன் மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். விடமாட்டேன்.

கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் இருந்த உங்கள் அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காபியை வைத்துவிட்டு, எட்டு வருஷமா அந்தக் காவலாளியை வாய் வலிக்கத் திட்டினேனே, உங்களைத் திட்ட வேண்டியதை எல்லாம் அந்த மனுஷன் வாங்கிக்கிட்டாரே என்றாள். காபியில் சர்க்கரை இல்லை. நான் கேட்கவும் இல்லை.

மகளிடம் நாங்கள் இதைச் சொல்லவில்லை. இக்கடிதத்தை அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். அவள் என்மீது கோபப்பட்டால் அது முறையான கோபமே. என் பொருட்டு அவளைச் சமாதானப்படுத்த வேண்டாம். நீங்கள் பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

உங்கள் மூவரின் ஆயுளும் ஆரோக்கியமும் பெருகட்டும். எந்த வாசலிலும் என் பேத்தியை யாரும் நிறுத்தி வைத்து முகம் பார்க்காதிருக்கட்டும்.

தங்கள் நலம் நாடும்,
மாமனார்

இணைப்புகள்:

1. 19-6-1986 தேதியிட்ட வரைபடத்தின் நகல். பின்படியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன்.

2. காவலாளிக்கு எதிராக 14-11-2016 அன்று நான் கொடுத்த புகாரின் நகலும், குற்றம் அவருடையதல்ல, என்னுடையது என்று 12-2-2025 அன்று எழுதிக்கொடுத்த கடிதத்தின் நகலும்.

3. 27-2-2025 தேதியிட்ட புதிய வரைபடம். எல்லா அளவுகளும் உள்ளன, வாசலின் அழைப்பு மணிக்கு உரியதைத் தவிர.

4. துணி அளவு நாடா ஒன்று. குழந்தை காலணியோடு நின்று, எக்காமல் கை நீட்டினால் எட்டும் உயரம் தேவை. நீங்கள் அளந்து எழுதி அனுப்பலாம். நேரில் வந்து என்னை அளக்கவிட்டாலும் சரி. மே 5ஆம் தேதி வேலை தொடங்குகிறது. அதுவரை அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருப்பேன்.