கல்வெட்டில் எனக்கு இடமில்லை அக்கா

பூநகரிப் பஸ்ஸில் எப்போதும் என் பக்கத்திலேயே இருந்த ஆசைத் தவமணி அக்காவுக்கு,

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. உங்கள் நினைவுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகம் வடிவாக வந்திருக்கிறது. அட்டையில் அந்த நீலச் சேலைப் படம். அதைத்தான் போட வேண்டுமென்று உங்கள் சின்ன மகள் ஒற்றைக் காலில் நின்றாள். உள்ளே கணவர் புலம்பல், பிள்ளைகள் புலம்பல், சகோதரர் புலம்பல். எல்லாம் நான் எழுதியதுதான். அத்தான் தன் பெயரில் நான் எழுதின வரிகளை வாசித்துவிட்டு, "எனக்கு இப்பிடிச் சொல்லத் தெரியாமல் போச்சே பிள்ளை" என்று விம்மினார்.

ஆனால் பஸ்ஸில் கூடப் போய்வந்தவளின் புலம்பல் என்று கல்வெட்டில் ஒன்று கிடையாதே அக்கா. ஊரில் இல்லாத வழக்கத்தை நான் எப்படிப் புகுத்துவது? எல்லாருடைய வாயாலும் அழுதுவிட்டேன். என் வாயால் அழ ஒரு பக்கம்கூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

விடிய எழும்பி, சமைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க ஓடுகிற எனக்குக் கவிதை எழுத எங்கே நேரம் என்று ஒருநாள் உங்களிடம் சலித்துக்கொண்டேன். அடுத்த நாளே யன்னல் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு, நீங்கள் ஓரத்தில் குடையோடு காவல் இருந்தீர்கள். ஆராவது கதை கொடுக்க வந்தால், "பொறுங்கோ, ரீச்சர் கவிதை எழுதுறா." பரந்தன் சந்தி வரும்வரை ஒருவரையும் விடவில்லை. மீன் பெட்டியோடு ஏறுகிற சூசை அண்ணைகூட வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நான் என்ன செய்தேன்? பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினேன். ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆரடி சிவப்புப் பேனையாலை கவிதை எழுதுறவள்?" என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது.

"லீவு வரட்டும் அக்கா, ஆறுதலா எழுதி உங்களுக்குத்தான் முதல் வாசிப்பன்."

"லீவிலை நீ மா இடிப்பாய், மிளகாய் காயப்போடுவாய். எனக்குத் தெரியாதே? ஒரு கொக்கைப் பற்றியெண்டாலும் எழுதடி. இறங்கேக்கை நாலு வரி வாசிச்சுக் காட்டு, காணும்."

நீங்கள் கேட்டது அவ்வளவுதான். லீவும் வந்தது, போனது. பிறகு அறுவடை, மகளின் சோதனை, மாமி கால் முறிந்து படுத்தது. ஆனால் ஊரில் ஒரு சாவு விழுந்தால் மட்டும் எனக்கு எங்கிருந்தோ நேரம் வந்துவிடும். முப்பத்தோராம் நாளுக்கு முன் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டுமே! சோறு கொதிக்கக் கொதிக்கக் குசினியில் நின்றே எழுதியிருக்கிறேன். செத்தவர்களுக்கு ஒரு தவணை இருந்தது. உயிரோடு பக்கத்தில் இருந்த உங்களுக்கு ஒரு தவணை வைக்க எனக்குத் தோன்றவில்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பமாட்டீர்கள் என்று ஆர் கண்டது? உங்களுக்கென்று நான் எழுதின முதல் வரியை ஊரே வாசித்துவிட்டது, நீங்கள் வாசிக்கவில்லை. நினைக்க நினைக்க மனம் வேகிறது அக்கா.

நேற்றுப் பந்தியிலேயே, உடையார்கட்டிலிருந்து வந்த உங்கள் மச்சாள் என்னைப் பிடித்துக்கொண்டா. "எங்கட மாமாவுக்கும் ஒரு கல்வெட்டு எழுதித் தாங்கோ ரீச்சர். பஸ்ஸிலை போகேக்கை எழுதலாம்தானே?"

"எழுதித் தாறன். பஸ்ஸிலை மட்டும் ஏலாது. அந்த நேரம் எனக்கு வேறை வேலை" என்றேன். அவவின் முகம் கொஞ்சம் கறுத்தது. கறுக்கட்டும்.

இன்று காலை உங்கள் இடத்தில் ஒரு பெட்டை போனில் சத்தமாகக் கதைத்தபடி வந்தாள். அவளை அதட்ட நீங்கள் இல்லை. இரண்டு வரி எழுதினேன், இரண்டையும் வெட்டினேன். பரவாயில்லை. இனிப் பரந்தன் வரும்வரை அந்த நேரம் என்னுடையது. வந்தால் எழுதுவேன், வராவிட்டால் பேனையைப் பிடித்துக்கொண்டாவது இருப்பேன்.

வாக்குத் தருகிறேன் அக்கா. ஒருவரும் சாகாமலே ஒரு கவிதை எழுதுவேன். எழுதி, உயிரோடு இருக்கிற ஒருவரின் காது கேட்க வாசிப்பேன்.

கூடப்பிறக்காத உங்கள் தங்கச்சி,
வதனி