ஐந்து வெடிக்கு ஒரே ஓட்டை

ரெக்ஸ்டேல்,
19.01.2025

அன்பின் ராணிக்கு,

இங்கே நானும் பிஸ்டலும் சுகம். அங்கே மார்க்கம் நகரில் நீரும் மகள் துவாரகாவும் மருமகனும் பேரப்பிள்ளைகள் இரண்டும் ஒரு தடிமன் காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்துக்குக் கடிதமா என்று சிரிப்பீர். போனில் கதைத்தால் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் பிஸ்டல் என்று வாயெடுத்ததும் "அப்பா, பிள்ளையள் கேட்குதுகள்" என்று குசினிக்குள் இருந்து சத்தம் வருகிறது. பிறகு நீர் "சாப்பிட்டீங்களே?" என்கிறீர், நான் "ஓம்" என்கிறேன், அதோடு கதை முடிந்துவிடுகிறது. கடிதத்துக்கு ஸ்பீக்கர் இல்லை. ஆறுதலாக வாசியும். எழுத்து கோணலாக இருந்தால் குறை நினையாதேயும். டொலர் கடையில் வாங்கிய பேனை, வழுக்குகிறது.

முதலில் நல்ல செய்தி. புதுப் பரல் வந்துவிட்டது! பரல் என்றால் குண்டு வெளியே போகிற குழல் என்று உமக்கு முந்தியும் சொல்லியிருக்கிறேன், நீர் அப்போது நாடகம் பார்த்துக்கொண்டிருந்தீர். கடையில் லைசென்சைக் காட்டித்தான் எடுக்க வேண்டும். என் லைசென்சைப் பார்த்ததும் கடைக்காரன் எழும்பி நின்றான். "இந்தப் பரலை ஒன்ராறியோவிலேயே மூண்டு பேர்தான் கேட்டிருக்கினம், மற்ற ரெண்டு பேரும் பொலிஸ்" என்றான். சரி, இரண்டு பேரும் பொலிஸ் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் எழும்பி நின்றது உண்மை.

கம்பனி போட்டு அனுப்புகிற பரல் கடையில் தொங்குகிற சட்டை மாதிரி. எல்லாருக்கும் கொளுவும், ஒருத்தருக்கும் அளவாக இராது. இது கொஞ்சம் பெரிதாகவே செய்து தருகிற பரல். நாங்கள்தான் அரத்தால் தேய்த்து இருத்த வேண்டும். மை பூசிப் போட்டுப் பார்த்து, எந்த இடத்தில் மை அழிகிறதோ அந்த இடத்தில் மட்டும் இரண்டு இழுவை. திருப்பியும் மை, திருப்பியும் இரண்டு இழுவை. முப்பத்தொரு வருடம் லேத் மெசினில் நின்றவனுக்கு இதை ஆரும் படிப்பிக்க வேண்டுமா? எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் ஒரு தலைமயிரை நாலாகக் கிழித்துத் தந்தால் எது தடிப்பு என்று விரலால் தடவிச் சொல்லுவேன்.

அரம் பிடித்தது மரியோ. கிளப்பில் எனக்குப் பக்கத்தில் நின்று சுடுகிற இத்தாலிக் கிழவன், எழுபத்தெட்டு வயது, பெண்சாதி இல்லை. அவனும் என்னைப் போல இரும்போடு சீவித்தவன். என் அரம் கொஞ்சம் மொட்டை என்பதால் வேலையை அவனிடம் விட்டு நான் மேற்பார்வை செய்தேன். அவன் தேய்க்கும்போது நான் அந்தக் காலம் வன்னிக் காட்டில் நாட்டுத்துவக்கோடு நின்று நாலு பன்றியை ஒரே வரிசையில் விழுத்திய கதையைச் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டான். பன்றி துரத்தி நான் பாலைமரத்தில் விடியும்வரை இருந்தது இந்த உலகத்தில் உமக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியே இருக்கட்டும்.

நீர் அங்கே போன அன்று நான் சொன்ன சொல்லில் நிற்கிறேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் துவக்கு வரக்கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். பெட்டியைக் காட்டினேன், பெட்டிக்குப் பூட்டைக் காட்டினேன், பிஸ்டலுக்குள்ளே இருக்கிற பூட்டையும் காட்டினேன். அசையவில்லை, உம்முடைய மகள் அல்லவா. இதைப் பொலிசிடம் ஒப்படைத்தால் இன்னொன்று வாங்க இந்த நாட்டுச் சட்டம் இனி விடாது. அதனால்தான் சித்திரைப் போட்டியில் கேடயத்தை ஒரே ஒரு தடவை வென்றுவிட்டு, ஒப்படைத்துவிட்டு உங்களோடு வந்து இருக்கிறேன் என்றேன். போன வருடமும் இதைத்தானே சொன்னீர்கள் என்பீர். போன வருடம் பழைய பரல்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. தேத்தண்ணியும் நானே போடுகிறேன். கடைசி இரண்டு வருடமும் நீர் எனக்கு அரைக் கோப்பைதானே தந்தீர், பால் விலை ஏறியதுபோல. இப்போது வாய்முட்ட ஊற்றிக் குடிக்கிறேன். மேசைவிரிப்பைத்தான் அடிக்கடி தோய்க்க வேண்டியிருக்கிறது. லிப்ட் ஓடும்போது இந்தக் கட்டடம் ஆடுகிறது.

சின்னவனுக்கு என் முத்தம்.

உம்முடைய அன்புக் கணவன்,
இரத்தினவேல்


ரெக்ஸ்டேல்,
16.03.2025

அன்பின் ராணிக்கு,

நீர் அனுப்பிய மிளகாய்த்தூள் கிடைத்தது. மருமகன் கதவடியிலேயே தந்துவிட்டு ஓடிவிட்டான், கார் பிழையான இடத்தில் நிற்கிறதாம். உள்ளே வந்து ஐந்து நிமிடம் இருந்திருந்தால் பிஸ்டலில் செய்த வேலையை விளங்கப்படுத்தியிருப்பேன். அதுக்குப் பயந்துதான் ஓடினானோ தெரியாது.

பரல் அளவாகப் பொருந்தி இருந்துவிட்டது. கை வைத்தால் அசைவே இல்லை, பாங்குப் பெட்டகக் கதவு மாதிரி மூடுகிறது. கிளப்பில் கொண்டுபோய்ச் சுட்டேன். முதல் வெடி நடுவில். இருபது பேர் கைதட்டினார்கள். மற்ற நாலும் கடதாசி முழுக்கப் போய்விட்டன, அம்மை போட்ட மாதிரி. யோசித்துப் பார்த்தால் பரலில் பிழை இல்லை. முன்னுக்கு அதைப் பிடித்திருக்கிற வளையம் தளர்வு. அளவாக ஒரு வளையம் எடுத்து இறுக்கமாகப் போட்டோம். பிறகும் சிதறியது. குறி பார்க்கிற தகட்டை மாற்றினோம். பிறகு விசை பாரமாக இருக்கிறது என்று மரியோவைக் கொண்டு அதையும் இளக்கினேன். கைப்பிடிக்கு வாதுமைக் கட்டையில் புதுத் தகடு போட்டேன். இப்போது அந்தப் பிஸ்டலோடு சேர்ந்து நிற்கிற பழைய சாமான் நான் ஒருத்தன்தான்.

இருபது பேர் என்று எழுதிவிட்டேன். கிளப்பில் இப்போது இருபது பேர் எங்கே? புது ஆட்கள் பிஸ்டல் வாங்க ஏலாது என்றபடியால் புதிதாக ஒருத்தரும் சேருகிறதில்லை. இருக்கிற கிழவர்களும் ஒவ்வொருத்தராகக் குறைகிறார்கள். பதினொரு கதிரை போட்டிருக்கிறது, போன சனிக்கிழமை நாலில்தான் ஆள். நான் ஒன்பது மணிக்கே போய்விடுவேன், ஹீட்டரைப் போட்டுவிட்டு மரியோவின் கார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

"கையை ஒருக்கால் டொக்டருக்குக் காட்டுங்கோவன்" என்று போனில் மெதுவாகச் சொன்னீர். அதுவும் ஸ்பீக்கரை நிற்பாட்டிவிட்டுச் சொன்னீர், எனக்குத் தெரிந்தது. கைக்கு என்ன? இந்த வருடக் குளிர் அப்படி. இப்போதும் பாரும், கையுறை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், அதுதான் எழுத்து இப்படி.

பேத்தியின் பிறந்தநாளுக்கு வரவில்லை என்று மகள் கோவமாம். அன்று கிளப்பில் முக்கியமான கூட்டம், நான் இல்லாமல் தொடங்க மாட்டோம் என்று நின்றார்கள். பரிசை அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்று சொல்லும்.

போட்டிக்கு இன்னும் ஆறு கிழமைதான். கேடயம் வைக்க மகளின் வீட்டு அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கி வையும்.

என்றும் உம்முடைய,
இரத்தினவேல்


ரெக்ஸ்டேல்,
27.04.2025

அன்பின் ராணிக்கு,

நேற்றுத்தான் போட்டி. நான் சுடவில்லை. அதுக்கு முதல் சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

மரியோ காருக்குள் இருந்து ஒரு இரும்புத் தாங்கியை இறக்கினான். வைஸ் மாதிரி ஒரு சாமான், பிஸ்டலை அதுக்குள் இறுக்கிப் பூட்டிவிட்டு மேசையோடு சேர்த்து முறுக்கிவிடலாம். பிஸ்டலை ஆரும் பிடிக்கத் தேவையில்லை, விசையை மட்டும் தட்டினால் போதும். "உன்ரை பரலை ஒருக்கால் சோதிச்சுப் பாப்பம், வேல்" என்றான். அவன் இங்கிலீசில்தான் சொன்னவன், நான் உமக்காகத் தமிழில் எழுதுகிறேன். இருபத்தைந்து கஜத் தூரத்தில் புதுக் கடதாசி. ஐந்து வெடி. போய்ப் பார்த்தோம்.

ராணி, ஐந்துக்கும் ஒரே ஓட்டை. இருபத்தைந்து சத நாணயக் குத்தியால் மூடலாம். இது புளுகு இல்லை. அந்தக் கடதாசியை இதோடு மடித்து வைத்திருக்கிறேன், குத்தியை வைத்துப் பாரும்.

நான் துள்ளினேன். "பார்த்தியா, நான் சொன்னனான்தானே! இதைப்போல பிஸ்டல் கனடாவிலை இல்லை!" என்று அவன் முதுகில் அடித்தேன். மரியோ துள்ளவில்லை. ஆணியைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "ஓம் வேல், அருமையான பிஸ்டல். இனி மாத்திறதுக்கு இதிலை ஒரு சாமானும் இல்லை."

நான் கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

பிறகு அவன் தன் பிளாஸ்கைத் திறந்து எனக்குக் கோப்பி ஊற்றினான். அரைக் கோப்பை. தனக்கு நிரம்ப ஊற்றினான், எனக்கு அரைவாசியில் நிற்பாட்டினான், என்னைப் பார்க்காமல் நீட்டினான். நான் அதை வாங்கினேன். ஒரு துளி சிந்தவில்லை.

இரண்டு வருடம், ராணி. ஒரு நாளைக்கு மூன்று தரம் என்று கணக்குப் பாரும். நான் அதைக் கஞ்சத்தனம் என்று வந்த ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீரும் சேர்ந்து சிரித்தீர். ஒரு நாளும் வாய் திறந்து சொல்லவில்லை.

இப்போது ஒன்றைச் சொல்லுகிறேன், மகளுக்குச் சொல்ல வேண்டாம். பேத்தியின் பிறந்தநாளுக்கு நான் வந்தேன். கிளப்பில் கூட்டம் ஒன்றும் இருக்கவில்லை. உங்கள் தெரு முனையில் காரை நிற்பாட்டிவிட்டு இருந்தேன். வாசலில் மஞ்சள் பலூன் கட்டியிருந்தது. நீர் நீலச் சீலையில் ஒரு தடவை வெளியே வந்து தெருவைப் பார்த்துவிட்டுப் போனீர். கேக் வெட்டும்போது தாத்தாவும் கத்தியைப் பிடிக்க வேண்டும் என்று பிள்ளை முதல் நாள் போனில் சொன்னவள். அத்தனை பேருக்கு முன்னால் அந்தக் கத்தியில் கை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பரிசு இப்போதும் காருக்குள் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பொலிசுக்குப் போன் எடுத்தேன். வருகிற புதன்கிழமை வந்து பிஸ்டலை எடுப்பார்களாம். இரண்டு பேர் வந்தார்கள், பரலைப் பார்த்துவிட்டுச் சல்யூட் அடித்தார்கள் என்று நான் பிறகு சொல்லுவேன். அதை மட்டும் நம்பிவிடும். அவர்களிடம் கொடுக்க முன்னர் ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்ட சாமான், ஊத்தையோடு போகக்கூடாது.

அந்தக் கடதாசியைப் பிள்ளைகளிடம் காட்டி, இது தாத்தா சுட்டது என்று சொல்லும்.

டொக்டரிடம் வருகிற வெள்ளிக்கிழமை பத்தரைக்கு நேரம் எடுத்திருக்கிறேன். நீரும் வர வேண்டும். இங்கிலீஸ் தெரியாமல் இல்லை, பிரதம மந்திரி வந்தாலும் நான் கதைப்பேன். ஆனால் எப்போது தொடங்கியது, எந்தக் கையில் முதலில் என்று அவர் கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. உமக்கு நாள், மணி எல்லாம் தெரிந்திருக்கும்.

கிளப்பின் பதினொரு கதிரையில் இனி மூன்றுதான். மரியோவை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட வேண்டும், மகளிடம் கேட்டுச் சொல்லும். அவன் பன்றிக் கதையை எடுத்தால் நீர் வாய் திறக்கக்கூடாது.

புதன்கிழமை அவர்கள் போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டு விடுவேன். இரவு எட்டு மணிக்குள் வந்துவிடுவேன். பிள்ளைகள் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கடிதத்தை வாசிக்கக் கஷ்டப்பட்டிருப்பீர். பேனை நல்ல பேனைதான், ராணி.

உங்கள் எல்லாரையும் கடவுள் காப்பாற்றட்டும். நான் வந்ததும் தேத்தண்ணி தாரும். அரைக் கோப்பை போதும்.

உம்முடைய,
இரத்தினவேல்